மூன்றாவது கம்ப்ளைன்ட்

“மெக்கானிக் வரலீங்களா?”

கதவைத் திறந்த நவநீத் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“வந்தாச்சுங்க. வழி விட்டீங்கன்னா உள்ளயும் வந்துருவேன்.”

சரவணம்பட்டி முழுக்கச் சாரல். அவள் நெற்றி முடியிலிருந்து ஒரு துளி இறங்கி, இமையில் ஒரு கணம் தங்கி... அவள் கண் சிமிட்டியதும் உதிர்ந்தது. நவநீத் வழி விட மறந்து நின்றான்.

அவள் பெயர் லோகப்பிரியா. உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பெண். டிப்ளமோ முடித்து, கணபதியில் இருக்கும் ஃபிரிட்ஜ் சர்வீஸ் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் அவள்தான்.

“பொண்ணையா அனுப்பிச்சிருக்காங்க?” நவநீத்தின் அம்மா வரலட்சுமி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “அத்தாம் பெரிய ஃபிரிட்ஜை நீ ஒருத்தியா நகர்த்துவியா கண்ணு?”

“அடியில சக்கரம் இருக்குதுங்கம்மா. நான் சும்மா கை வெச்சா அதுவே வந்துக்கும்.”

வந்தது. ஐஸ் மேக்கரில் ஐஸ் விழவில்லை என்பதுதான் கம்ப்ளைன்ட். முதலில் ஃப்ரீசருக்குள் கை விட்டுக் குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு பின்பக்கத்தில் காதை வைத்தாள். தண்ணீர் ஏறும் சத்தமே இல்லை. ஃபில்டரைக் கழற்றினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு.

“போர் தண்ணிக்குக் கனெக்ஷன் குடுத்திருக்கீங்க. அடைக்காம என்னங்க பண்ணும்? ஆமா... இந்த மழையில ஐஸ் எதுக்குங்க?”

“வாங்குன பொருள் வேலை செய்யணுமில்ல?”

“அது சரிதானுங்க. மழையா வெயிலான்னு அதுக்கென்ன தெரியும்?”

சிரித்தாள். சிரிப்பு உதட்டில் தொடங்கும் முன்பே கண்ணில் தொடங்கிவிட்டது. ‘இப்படியும் ஒரு கண்ணா...’ என்று நினைத்துக் கொண்டான் நவநீத்.

புது ஃபில்டர் போட்டு முடித்து, கிளம்பும்போது அவள் சொன்னாள். “ஒரு மாசத்துக்குள்ள இதே கம்ப்ளைன்ட் திரும்ப வந்தா எனக்கு வேலை தெரியலைன்னு எம் பேர்ல ஏத்திருவாங்க. இன்னும் என்னை நிரந்தரம் பண்ணலீங்க. அதனால ஏதாச்சும்னா எனக்கே போன் பண்ணுங்க, ஆபீசுக்குப் போட்டுறாதீங்க.”

அவன் தலையாட்டினான். கண்ணைப் பார்த்துக் கொண்டிருந்தவனுக்குப் பாதி வார்த்தை காதிலேயே விழவில்லை.

அடுத்த நாளிலிருந்து ஐஸ் மேக்கர் பிரமாதமாக வேலை செய்தது. தட்டில் கடகடவென்று ஐஸ் விழும் ஒவ்வொரு முறையும் நவநீத்துக்கு எரிச்சல் வந்தது. இது இப்படியே ஓடினால் அவள் எப்படி வருவாள்?

அவள் எண் அவன் போனில் இருந்தது. பலமுறை எடுத்தான்... வைத்தான். கூப்பிட்டு என்ன சொல்வது? தாத்தா காலத்திலிருந்து ஸ்பின்னிங் மில் நடத்தும் குடும்பம். ஃபிரிட்ஜ் பார்க்க வந்த பெண்ணிடம் போய்... ‘ஏனுங்க, வேற வேலை இல்லீங்களா?’ என்று அவள் கேட்டுவிட்டால்? கம்ப்ளைன்ட் என்றால் அந்த அவமானம் இல்லை. இவன் கேட்க வேண்டியதில்லை. அவள் வந்தாக வேண்டும்.

சிங்க்குக்கு அடியில் குனிந்து, ஃபிரிட்ஜுக்குப் போகும் தண்ணீர் டேப்பைத் திருகி மூடினான். ஆபீசுக்குக் கம்ப்ளைன்ட் போட்டான்.

அவள் வந்தாள். இந்த முறை ஃபிரிட்ஜை நகர்த்தவே இல்லை. நேராக சிங்க்குக்கு அடியில் பார்த்தாள்.

“டேப் அடைச்சிருக்குதுங்களே...”

“அப்படியா? எலி ஏதாச்சும்...”

“கையில நல்ல வலுவுள்ள எலிதானுங்க.”

போனை எடுத்து மூடிய டேப்புக்கு நேராகப் பிடித்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ... படம் எடுக்காமலே பையில் போட்டுக் கொண்டாள். வரலட்சுமி கொடுத்த காப்பியைக் குடிக்கும்போது அவள் கன்னம் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பை அவன் சம்மதம் என்று எடுத்துக் கொண்டான்.

அந்தத் துணிச்சலில், அடுத்த வாரமே ஐஸ் பட்டனை அணைத்துவிட்டு மறுபடி கம்ப்ளைன்ட் போட்டான். புதுச் சட்டை போட்டுக் கொண்டு காத்திருந்தான்.

வந்தவர் மாசாணம். நடுத்தர வயது ஆள். ஃபிரிட்ஜைப் பார்த்த வேகத்தில் பட்டனை அழுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“ஏனுங்க சார், இதுக்கா அந்தப் புள்ளை மேல மறுபடி மறுபடி கம்ப்ளைன்ட் போட்டீங்க? வேலைய உட்டு நிறுத்திப்போட்டாங்க. இன்னிக்கு டூல்ஸ் பையை ஒப்படைக்க வருது.”

நவநீத் கணபதிக்கு எப்படி வண்டி ஓட்டினான் என்பது அவனுக்கே தெரியாது. சர்வீஸ் சென்டருக்கு எதிரே இருந்த பேக்கரியில், மழைக்கு ஒதுங்கி அவள் உட்கார்ந்திருந்தாள். தோளில் பை இல்லை.

எதிரில் உட்கார்ந்தான். “அந்த டேப்பை... நான்தான் அடைச்சேன்.”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சுமா...?”

“ஒரு போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பியிருந்தா, கஸ்டமர் தப்புன்னு முடிஞ்சிருக்குமுங்க. உங்க முகத்தைப் பார்த்தேன். அம்மா முன்னால நீங்க தலைகுனிஞ்சு நிக்கறதை என்னால பார்க்க முடியல.” காப்பி டம்ளரை விரலால் சுற்றினாள். “எம் நம்பர் உங்ககிட்ட இருந்துச்சு. கூப்பிடறதுக்கு அவ்வளவு கௌரவக் குறைச்சலாப் போச்சுங்களா?”

இத்தனை கோபத்திலும் அந்த ‘ங்க’ மட்டும் போகவில்லை. அவனை அதிகம் சுட்டது அதுதான்.

“இப்பவே ஆபீசுக்கு வர்றேன். நான்தான் பண்ணுனேன்னு உங்க முதலாளிகிட்டச் சொல்லிடறேன்.”

“வேண்டாமுங்க.”

“ஏன்?”

“இப்ப இந்தப் பொண்ணுக்கு வேலை தெரியலைன்னு மட்டுந்தான் நினைச்சுட்டு இருக்காரு. நீங்க போய்ச் சொன்னீங்கன்னா, பொண்ணுகளை வேலைக்கு வெச்சா பசங்க பார்க்கறதுக்கே கூப்பிடுவாங்கன்னு ஆயிரும். எனக்கப்புறம் எந்தப் புள்ளையையும் உள்ள உடமாட்டாருங்க.”

வெளியே மழை வலுத்தது. சொல்ல வந்ததை இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று நவநீத்துக்குத் தோன்றியது.

“லோகப்பிரியா... எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. முதல் நாள் கதவைத் திறந்தப்பவே.”

காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

“ரெண்டாவது தடவை உங்க ஊட்டு வேலையை மாசாணண்ணனுக்குத்தான் போட்டிருந்தாங்க. நாந்தான் அவருகிட்டக் கெஞ்சி மாத்தி வாங்கிட்டு வந்தேன். வர்ற வழியில கடையில பூ வாங்கி வெச்சுட்டு வந்தேன்... எதுக்குன்னு இப்ப தெரியுதுங்களா?” குரல் உடைந்தது. “வேற கஸ்டமரா இருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு மறந்திருப்பேனுங்க. உங்களைத் திட்டவும் வாய் வரல, மறக்கவும் வழி தெரியல.”

எழுந்தாள்.

“இருங்க... மழை விடட்டும்,” என்றான் அவன், கிட்டத்தட்டக் கெஞ்சலாக.

“விட்டதும் நீங்க போங்க,” என்று சொல்லிவிட்டு, லோகப்பிரியா மழைக்குள் இறங்கி நடந்தாள்.