ஒரு மூச்சு பிந்தி வரும் குரல்

‘சதுப்பு’ என்ற கணினி விளையாட்டைப் பற்றித் தான் பேசிப் பதிவு செய்ததை ராதெக் மறுபடி ஓடவிட்டுக் கேட்டபோது, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் யாரோ மூச்சு இழுப்பது கேட்டது. அது அவனுடைய மூச்சு அல்ல. அவனுக்குச் சிறுவயதிலிருந்தே மூக்கடைப்பு. வாயால்தான் இழுப்பான், கொஞ்சம் இரைச்சலோடு. இது மூக்கால், நிதானமாக, பழக்கப்பட்டவன் இழுக்கும் மூச்சு. பேசப் போகிறவன் இழுப்பது. ஆனால் அதன் பிறகு பேச்சு எதுவும் வரவில்லை.

சுவரோரத்து வெந்நீர்க் குழாய்தான் அப்படிச் சத்தம் போடுகிறது என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான். போலந்தின் வூச் நகரத்துப் பழைய அடுக்குமாடிகளில் நவம்பர் வந்துவிட்டால் அந்தக் குழாய்கள் முனகும், தட்டும், யாரோ உள்ளே புரண்டு படுப்பதுபோல் இடம் மாறும். மாலை பிறப்பதற்கு முன்பே ஜன்னலில் இருட்டு வந்து ஒட்டிக்கொள்ளும். மாடிப்படியெங்கும் முட்டைக்கோஸ் வேகும் வாசனையும் கரிப்புகையும் ஈரக் கோட்டின் நாற்றமும் ஒன்றாகக் கலந்து கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் வரும். எந்த வீட்டில்தான் சத்தம் இல்லை? குழாயைத் திருகி மூடிவிட்டு இன்னொரு முறை பதிவு செய்தான். மூச்சு அப்படியே இருந்தது.

பகலில் தரை ஓடு விற்கும் கடையில் வேலை. மற்ற நேரமெல்லாம் விளையாட்டு. முடிக்காத விளையாட்டைப் பற்றி ராதெக் வாய் திறப்பதில்லை. முடித்துவிட்டால் மனதில் பட்டதை மறைப்பதும் இல்லை. ‘சதுப்பு’வில் ஒழுங்காக நடித்தது சதுப்பு மட்டும்தான், மற்றவர்கள் சேற்றில் நின்றார்கள் என்பான். ‘உப்புச் சுரங்கம்’ முதல் பாதி தேன், இரண்டாம் பாதி வெறும் படிக்கட்டு என்பான். டிராம் ஓட்டும் விளையாட்டைக் கிழித்துத் தொங்கவிட உட்கார்ந்தவன், கடைசி நிறுத்தத்தில் இறங்க மனமில்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்ததை அப்படியே ஒப்புக்கொண்டான். இணையத்தில் அவன் பதிவுகளைக் கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் இவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர்கள்.

எங்கள் தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படம் எப்படி வருகிறது என்பதை எங்களில் யாரும் யோசித்ததே இல்லை. நடிகர்கள் தங்கள் மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள். அதன் மேல் ஒரே ஓர் ஆண்குரல், ஒரு மூச்சு பிந்தி, எல்லோருடைய பேச்சையும் போலிஷில் வாசிக்கும். காதலியும் அவர்தான், கொலைகாரனும் அவர்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அவர்தான். ஏற்ற இறக்கம் கூடாது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் இருப்பதே மறந்து, நடிகையே நம் மொழியில் பேசியதுபோல் ஆகிவிடும். தொண்ணூறுகளில் சந்தையில் விற்ற திருட்டு வட்டுகளிலும் இதே கூத்துதான். யாரோ ஒருவன் ஒரு சமையலறையில் உட்கார்ந்து முழு விளையாட்டையும் வாசித்துத் தள்ளியிருப்பான்.

அப்படி ஒரு வட்டைத்தான் பவூட்டி சந்தையில் துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவிலிருந்து ராதெக் எடுத்து வந்தான். தீவு ஒன்றில் காணாமல் போன மகளைத் தேடும் தாயின் கதை. முடித்தான். மனதில் பட்டதைச் சொன்னான். கதை நல்ல கதை, கடலும் நல்ல கடல், வாசிக்கிற ஆள்தான் பிணம். தாய் மகளைக் கூப்பிடுவதும் கடைக்காரன் உருளைக்கிழங்கு விலை சொல்வதும் இவனுக்கு ஒன்றுதான், பெற்று வளர்த்தவன் இப்படி வாசிப்பானா என்று கேட்டான். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கு அடுத்த பதிவுதான் ‘சதுப்பு’.

மூன்றாவது முறை ஓடவிட்டபோது மூச்சுக்குப் பின்னால் பேச்சு வந்தது. ராதெக்கின் சொற்களே, ராதெக்கின் குரலுக்கு மேல், வேறொருவன் வாயிலிருந்து. தட்டையாக. அவசரமே இல்லாமல். அவனுடைய குரல் அடியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

பதிவை நண்பன் தோபியாஷுக்கு அனுப்பிவிட்டு உடனே அவனை அழைத்தான்.

“என்னடா, வாசிக்கிறவன் குரலா? எனக்கு உன் மூக்கடைச்ச குரல்தான்டா கேக்குது. நல்லாத்தான் பேசியிருக்க. போய்த் தூங்கு,” என்று தோபியாஷ் சிரித்தான். சிரித்து முடித்ததும், தொலைபேசிக்குள் யாரோ மூக்கால் மூச்சு இழுத்தார்கள்.

“நன்றாகத்தான் பேசியிருக்கிறாய். போய் உறங்கு.”

ராதெக் தொலைபேசியைச் சோபாவில் எறிந்தான். வட்டை எடுத்து முழங்காலில் வைத்து உடைத்தான், துண்டுகளை அடுப்பில் போட்டான், பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தில் இருமிக்கொண்டு ஜன்னலைத் திறந்தான். கீழே முற்றத்தில் ஒரு பெண் நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கூப்பிட்டு முடித்ததும் அந்த ஆளும் நாயைக் கூப்பிட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, இகா வரும் நாள். ஆறு வயது மகள். வாரக்கடைசியில் மட்டும் அவனுடையவள். அவளுடைய அம்மா இலோனா, அவனை விட்டுப் பிரிந்தவள், மகளைக் கூட்டிக்கொண்டு க்தீனியாவில் இருக்கும் அக்கா வீட்டோடு போய்விட நினைக்கிறாள். போன வாரமே தெளிவாகச் சொல்லிவிட்டாள்: “இகா என்ன சொல்றாளோ அதுதான் ராதெக். உன்கிட்ட வந்துபோகணும்னு அவ ஆசைப்பட்டா நான் இங்கயே இருக்கேன். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போக வரும்போது கேப்பேன். நீ அவளுக்குச் சொல்லிக்குடுக்காத.” இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் மகள் மனதில் நின்றால் உண்டு, இல்லாவிட்டால் கடற்கரை ஊருக்குப் போய்விடுவாள்.

இகா தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்து அவன் வயிற்றில் முட்டினாள். “அப்பா, என் பல்லு விழுந்துடுச்சு, பாரேன்!” அவளுடைய சொந்தக் குரல் முழுதாக, விழுந்த பல்லின் சந்தில் காற்று போகும் சீழ்க்கையோடு வந்தது. ராதெக் அப்படியே அவளை இறுக்கிக்கொண்டான். பிறகு அந்த மூச்சு.

“அப்பா, என் பல் விழுந்துவிட்டது.”

பழகிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். ஊரே பழகவில்லையா? மேலே எவனோ வாசித்தால் வாசிக்கட்டும், அடியில் இகாவின் குரல் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் போதும். தக்காளி சூப்பில் நூடுல்ஸ் போட்டு அவள் முன்னால் வைத்தான். “ரொம்பச் சூடு, ஊதிக் குடி,” என்றான். அந்த மூச்சு வந்தது.

“சூப் ஆறிவிட்டது. ஒரே வாயில் குடி.”

இகா கிண்ணத்தைத் தூக்கி அப்படியே குடித்தாள். அலறினாள். உதட்டோரம் சிவந்து பொங்கியது. ராதெக் குளிர்ந்த நீரில் துணியை நனைத்து அவள் வாயில் வைத்தான். மகள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “ஆறிடுச்சுன்னு சொன்னியேப்பா.”

நாற்பது ஆண்டுகளாக எங்கள் காதுகள் கற்றுக்கொண்டது இதைத்தானே. மேலே வாசிக்கிற குரலை மறப்போம். அது சொன்னதை நடிகர் சொன்னதாக நம்புவோம். இகாவும் எங்கள் பிள்ளைதான்.

அதன் பிறகு ராதெக் பேசுவதை நிறுத்தினான். சனிக்கிழமை முழுக்க வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டினான், கையைக் காட்டினான், சிரித்தான். சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது. இகா முதலில் அதை விளையாட்டு என்று நினைத்துத் தானும் ஊமையாக நடித்தாள், மதியத்துக்குள் சலித்துப்போனாள், சாயங்காலம் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியில் தன் மூச்சுப் படியும் இடத்தில் விரலால் கோடு போட்டாள். வெளியே டிராம் போகும்போது கம்பியில் பொறி பறந்து அவள் முகம் ஒரு கணம் நீலமாகி அணைந்தது.

“அப்பா, என் மேல கோவமா?”

அவள் குரல் இப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல் மெலிந்திருந்தது. சீழ்க்கை கேட்கவில்லை. மேலே இருந்த குரல் மட்டும் பக்கத்தில், மிகப் பக்கத்தில், காதுமடலில் படுவதுபோல் இருந்தது. அதில் பழைய புகையிலை வாசனைகூட இருந்தது.

காகிதத்தில் எழுதிக் காட்டினான். பெரிய எழுத்துகளில்: கோபம் இல்லை செல்லமே. பள்ளியில் இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறாள். விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படித்தாள். அந்த ஆளும் கூடவே படித்தான்.

“ஆம். கோபம்.”

இகா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் போய்ப் போர்வைக்குள் படுத்துக்கொண்டாள். ராதெக் ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்தான். மன்னித்துவிடு என்றான். நீ யாராக இருந்தாலும் சரி, என் வாயை எடுத்துக்கொள், என் மகளை விட்டுவிடு என்றான். அழுதான். பதிவை ஓடவிட்டுக் கேட்டான். அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. அந்தக் குரல் மட்டும். அவன் இதுவரை முடித்த விளையாட்டுகளைப் பற்றி ஒவ்வொன்றாகத் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. ‘உப்புச் சுரங்கம்.’ ‘சதுப்பு.’ டிராம். நேர்மையாக, எதையும் மறைக்காமல். கடைசியில் ஒரு மூச்சு. அடுத்து எதைப் பற்றிச் சொல்லப் போகிறது என்று காத்திருந்தான். பதிவு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பனி விழுந்தது. இலோனா வந்தாள். தோளில் பனி, மூக்கு சிவந்திருந்தது. இகா பூட்ஸ் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றாள். உதட்டுக் காயத்தை இலோனா பார்த்தாள். குனிந்து, விரலால் தொட்டாள். உதடுகள் அசைந்தன.

“இது என்ன.”

அடியில் ஒன்றும் இல்லை. இலோனாவின் குரல் இல்லை. ராதெக் காதைத் தீட்டிக்கொண்டு தேடினான். ஒன்றும் இல்லை.

“இகா. நீ முடிவு செய். இங்கே வருவாயா.”

இகா தன் அம்மாவைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். இரண்டு நாளாகப் பேசாத அப்பாவை. இன்னமும் நம்பிக்கொண்டிருந்தாள், அது அந்த முகத்தில் தெரிந்தது, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. சின்ன வாய் அசைந்தது.

“அப்பா. நான் இங்கு வர வேண்டுமா.”

பேசினால் அந்த ஆள் வாசிப்பான். பேசாவிட்டால் அதுவும் ஒரு பதில். ஆம் என்று தலையை ஆட்டினான். வேகமாக, கழுத்து வலிக்க ஆட்டினான். போதவில்லை. இகா ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றாள். வாய் அதுவாகத் திறந்துகொண்டது.

“வேணும்டா! தினம் வரணும்டா! நீ இல்லன்னா எனக்கு ஒண்ணுமே இல்லடா கண்ணு. உனக்குக் கேக்கறது என் குரல் இல்ல. நம்பாத. என் வாயைப் பாரு, வாயை மட்டும் பாரு…”

மூச்சு.

“இகா. ஆறு வயது. தொடக்கம் நன்றாக இருந்தது. போகப் போகச் சலிப்பு. ஒரே கேள்விகள், ஒரே அழுகை. முடித்தாகிவிட்டது. இன்னொரு முறை தொட மாட்டேன். மற்றவர்களுக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.”

இலோனாவின் கையிலிருந்து பை விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டது. அவள் மகளைத் தன் கோட்டுக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். உதடுகள் வெறுப்பில் கோணின.

“நீ மனிதனா.”

ராதெக் மண்டியிட்டான். இகாவின் பூட்ஸைப் பிடித்தான். தொண்டை கிழியக் கத்தினான். அவன் கத்துவது அவனுக்கே கேட்கவில்லை.

கோட்டின் மடிப்புக்குள்ளிருந்து மகள் முகத்தைத் திருப்பினாள். கண் நிறைந்தது. கன்னத்தில் வழிந்தது. வாய் கோணி, அகலத் திறந்தது. விழுந்த பல்லின் சந்து. உள்நாக்கு. கழுத்து நரம்பு புடைத்து அதிர்ந்தது. சத்தம் இல்லை. திறந்த வாய் மட்டும்.

மூக்கால், நிதானமாக, ஒரு மூச்சு.

“குழந்தை அழுகிறது.”