மூன்றாவது டிஸ்க்

சர்வர் படிக்கச் சொன்னால் பறந்தது, எழுதச் சொன்னால் நொண்டியது. டெல்லி லோதி ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்த அரசு அலுவலகத்தின் அடித்தளத்தில், ஊறிய சுண்ணாம்பும் எலிப்புழுக்கையும் ஏசிக் காற்றும் கலந்த வாடையை மூச்சில் வாங்கிக்கொண்டு சர்வர் அலமாரிக்கு முன்னால் ரிப்பேருக்காக உட்கார்ந்திருந்த சாய்ராமுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அரசாங்க ஆபீஸில் எது எழுதுவதற்கு அவசரப்பட்டிருக்கிறது?

பகல் ஒரு மணி. நவம்பர் புகைமூட்டம் சூரியனைத் தின்றுவிட்டதால், கூரையோரத்து ஒற்றை ஜன்னலில் டீத் தண்ணீர் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் தேங்கி நின்றது.

"பழைய பக்கத்தைக் கேட்டா சொடக்குப் போடறதுக்குள்ள எடுத்துக் குடுக்கறது சார்," என்றாள் செக்‌ஷன் ஆபீசர் அனந்தலக்ஷ்மி. "புதுசா ஸ்கேன் பண்ணி அனுப்பினா மட்டும் தேர் மாதிரி நகர்றது. மேல எட்டு பேர் கையைக் கட்டிண்டு உக்காந்திருக்கா. இன்னும் பன்னெண்டு லட்சம் பக்கம் பாக்கி."

பிரிவினைக் காலத்து அகதி முகாம் பதிவேடுகள் அவை. தொலைந்துபோனவர்களின் பெயர், வயது, ஊர், கடைசியாகப் பார்த்த இடம். செத்து மண்ணாகிப்போனவர்களின் ஜாபிதாவுக்கு இத்தனை அவசரமா என்று சாய்ராம் நினைத்தான்.

"நீங்க மேல போங்க மேடம். ஆதா கண்டா, அரை மணிக்குள்ள முடிச்சுடுவேன்."

அவள் கிளம்பும்போது அலமாரிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவரைக் காட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவர் மகாதேவன். இந்த ரூமுக்கு அவர்தான் இன்சார்ஜ். ரெண்டு வருஷமா தலை சரியில்லை. ரிட்டயர் ஆறவரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருக்கோம். ஒண்ணும் பண்ண மாட்டார்."

ஒன்றும் பண்ணாத ஆளைச் சாய்ராம் இந்த நகரத்தில் நிறையப் பார்த்திருக்கிறான். காலர் அழுக்கு, ஒரு வார வெள்ளைத் தாடி, மடியில் திறக்காத டிபன் பாக்ஸ். கண் எங்கேயோ இருந்தது. உதடுகள் மட்டும் ஓயாமல் அசைந்தன. இதற்குச் சம்பளம், இதற்குப் பென்ஷன்.

அமைப்பைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் இளக்காரமாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் நான்காகக் கிழித்து நான்கு டிஸ்க்குகளில் ஒரே சமயத்தில் எழுதும் ஏற்பாடு. வேகத்துக்காகச் செய்தது. ஆனால் நாலில் ஒன்று பின்தங்கினால் மற்ற மூன்றும் அதற்காகக் காத்துக் கிடக்க வேண்டும். ஒன்று செத்தால் நாலும் செத்த மாதிரி. நல்ல வேளையாகக் காலையிலேயே, மேல் மாடியில் இருந்தபடி, எல்லாப் பக்கங்களையும் தன் சொந்த டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துவிட்டான். ஒரு வரிகூட விடுபடவில்லை.

மேலிருந்து வரும் கேபிளை மாற்றினான். நெட்வொர்க்கில் குறை இல்லை. ஸ்விட்சை மாற்றிப் பார்த்தான். அதிலும் இல்லை. கடைசியில் லேப்டாப் திரையில் குற்றவாளி தெரிந்தது. மூன்றாவது டிஸ்க். மற்ற மூன்றும் கண்ணிமைப்பதற்குள் எழுதி முடித்துவிட்டு நிற்க, இது ஒவ்வொரு துண்டையும் வாங்கி, ஒன்பது பத்து நொடி வைத்திருந்து, பிறகுதான் 'ஆயிற்று' என்று பதில் அனுப்பியது. கெட்டுப்போன டிஸ்க் இப்படிச் செய்யாது. அது திக்கும், கரகரக்கும், பிழை காட்டும். இது எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் போல நிதானமாக இருந்தது.

அலமாரியில் நான்கு பச்சை விளக்குகள். மூன்றாவது மட்டும் அணையாமல் நின்றது. பக்கத்தில் கிசுகிசுவென்று மகாதேவனின் குரல். ஏசியின் உறுமலுக்கு அடியில் அந்தக் குரல் ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல ஊர்ந்து, ஊர்ந்து, நின்றது. அது நின்றதும் விளக்கு அணைந்தது.

மறுபடி எரிந்தது. மறுபடி உதடுகள் அசைந்தன.

சாய்ராம் பதினோரு முறை எண்ணினான். பிறகு தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஒரு பைத்தியத்தின் வாயைப் பார்த்து மெஷின் ரிப்பேர் செய்யும் அளவுக்கா வந்துவிட்டான்? ஆனாலும் குனிந்து காது கொடுத்தான்.

"...கர்தார் சிங், வயசு நாப்பது, லயல்பூர், கடைசியாப் பார்த்தது கால்வாய்க்கரை..."

"சார். என்ன சொல்லிட்டிருக்கீங்க? உங்க பேர் என்ன?"

மகாதேவன் திரும்பினார். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தாக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. தேடினார். வெகுநேரம் தேடினார். கண்களில் நீர் கட்டியது. மூன்றாவது விளக்கு எரிந்தது, உதடுகள் திரும்பவும் தொடங்கின.

"போதும்," என்றான் சாய்ராம் உரக்க. இண்டர்காமில் மேலே கூப்பிட்டு ஸ்கேனை நிறுத்தச் சொன்னான். கொக்கியை அழுத்தி மூன்றாவது டிஸ்க்கை உருவினான்.

அது சில்லென்று இருந்தது. இரண்டு வருஷம் ஓடிய டிஸ்க் உள்ளங்கையைச் சுட்டிருக்க வேண்டும். லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தான். முதல் இடத்திலிருந்து கடைசி இடம்வரை வெறும் பூஜ்யங்கள். ஒரே ஒரு எழுத்துகூட அதில் என்றைக்கும் எழுதப்படவில்லை.

அப்படியானால் காலையில் அவன் எடுத்த பிரதி? அதில் கால் பங்கு எங்கிருந்து வந்தது?

கிசுகிசுப்பு நின்றிருந்தது. ஏசி மட்டும்.

"ஐயோ," என்றார் மகாதேவன். வேறு குரல். தூங்கி எழுந்த மனிதரின் குரல். "அதை உருவிட்டேளா?"

சாய்ராம் கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தான்.

"நானும் இப்படித்தான் தம்பி. ஆரம்பிச்ச அன்னிக்கே அதுல செவப்பு லைட் எரிஞ்சுது. தூசியா இருக்கும்னு உருவித் துடைச்சேன்." அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மகாதேவன். என் பேர் மகாதேவன். ஆத்துக்காரி பேர் வசுமதி. முனிர்காவுல இருக்கோம். ரெண்டாவது மாடி." எழுந்தார். டிபன் பாக்ஸ் விழுந்து உருண்டது. அதை எடுக்கவில்லை. "மன்னிச்சுக்கோங்கோ," என்று சொல்லிக்கொண்டே, சுவரைப் பிடித்தபடி, கிட்டத்தட்ட ஓடினார்.

கிழத்துக்கு முற்றிவிட்டது என்று நினைக்கப் பார்த்தான். முடியவில்லை.

அலமாரியில் நான்கு விளக்குகளும் எரிந்தன. காலியான மூன்றாவது துளையின் விளக்கும்.

இண்டர்காம் அலறியது. அனந்தலக்ஷ்மி. "பேஷ் சார்! நீங்க சொல்றதுக்குள்ள ஸ்கேன் பண்றவா தாங்களே ஆரம்பிச்சுட்டா. என்ன வேகம்! எட்டு ஸ்கேனரும் பறக்கறது!"

நிறுத்துங்க மேடம் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"ஈஷர் தாஸ், வயது அறுபத்திரண்டு, குஜ்ரன்வாலா," என்றது வாய்.

"என்ன சார்?"

"பிரகாஷோ, வயது பத்தொன்பது, ஷேக்குபுரா, கடைசியாகப் பார்த்தது கிணற்றடி."

"சரி சரி, நீங்க உங்க வேலையைப் பாருங்கோ." வைத்துவிட்டாள்.

நாக்கு அவனுடையதாக இல்லை. பல்லைக் கடித்தான். பற்களுக்குள்ளேயே அது புரண்டது. விளக்கு படபடத்தது. மகாதேவன் ஒன்றைச் சொல்லும் நேரத்தில் இவன் முப்பதைச் சொன்னான். இளம் மண்டை. நல்ல வேகம்.

ஒவ்வொரு பெயரும் உள்ளே வந்து உட்கார்ந்தது. உட்கார இடம் வேண்டும். எதுவோ எழுந்து போனது.

காலையில் எந்த வழியாக வந்தான்? ஒரு மேம்பாலம். பெயர் போய்விட்டது. லேப்டாப்பின் பாஸ்வேர்ட். போய்விட்டது. அம்மாவின் குரல். அது இருந்த இடத்தில் இப்போது ஒரு ரயிலடி, யாரோ ஒரு கிழவர், கையில் மண்வெட்டி.

டிஸ்க்கைத் திரும்பச் சொருக வேண்டும். அது தெரிந்தது. கையில் ஏதோ இருந்தது. கறுப்பாக. செவ்வகமாக. அதற்கு ஒரு பெயர் உண்டு. அதை எங்கேயோ வைக்க வேண்டும். எங்கே?

தரையில் நழுவ விட்டான்.

போன் அதிர்ந்தது. வீடியோ அழைப்பு. திரையில் 'மானசா' என்று எழுத்துகள். விரல் பழக்கத்தில் தொட்டது. ஒரு பெண், அவள் மடியில் பள்ளிச் சீருடையோடு ஐந்து வயதுக் குழந்தை. முன்பல் ஒன்று இல்லை.

"அப்பா! பல்லு விழுந்துருச்சு!"

அழகான குழந்தை. யாருடையதோ.

"ஹர்பன்ஸ் கௌர், வயது ஐந்து, மான்ட்கோமரி," என்றான் அவன். "கடைசியாகப் பார்த்தது ரயில் மேடை."

"சாய்? என்ன ஆச்சு உனக்கு?" அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "சாய், எங்க இருக்க நீ?"

"சோஹன் லால், வயது மூன்று, மான்ட்கோமரி. கடைசியாகப் பார்த்தது ரயில் மேடை."

குழந்தை சிரித்தது. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது. போனை இரண்டு கைகளாலும் பிடுங்கி முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அவன் வாயையே பார்த்தபடி, பல் போன சந்து வழியாகக் காற்று சீற, அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பெயராகத் திருப்பிச் சொல்லத் தொடங்கியது.