மூன்று மணிக் கட்டு

அப்பாவின் குதிகால் புண்ணுக்குப் போட்ட கட்டின்மேல் ஒட்டியிருந்த நாடாவில் அன்றைய தேதி எழுதியிருந்தது. ஜனவரி பதினேழு. ஏழின் நடுவே ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் ஹெல்வியின் சுருக்கக் கையெழுத்து. அந்த வீட்டில் அப்படி எழுதுவது அவள் ஒருத்திதான். ஆனால் இன்றைக்கு அவள் அந்தக் கட்டைத் தொடவே இல்லை. நேற்றும் இல்லை. உள்ளதைச் சொல்வதென்றால், திங்கட்கிழமையிலிருந்தே இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு நர்ஸ் கொலீன் வந்துவிடுவாள், அதற்குள் அவசரமாக ஒரு புதுக் கட்டைப் போட்டு மறைத்துவிடலாம் என்றுதான் மூன்றரைக்கு அந்த அறைக்குள் நுழைந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தண்டர் பே ஊர் முழுக்கப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெப்பக்காற்றுக் குழாயின் உறுமல், தூங்கும் அப்பாவின் குறட்டை, எல்லாவற்றுக்கும் மேலே அந்த வாடை. இனிப்பும் அழுகலும் கலந்து, துணியில், தலைமுடியில், ஏலக்காய் ரொட்டியில்கூட வந்து உட்கார்ந்துகொள்ளும் வாடை. அதற்குப் பயந்துதான் நாலு நாளாக மூன்று மணி ஆனதும் நிலவறைக்கு இறங்கி, அணைந்து கிடந்த நீராவிக் குளியலறையின் மரப்பலகையில் குளிரில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவிடம், "இனிமே ஒருநாள் விட்டு ஒருநாள் போதுமாம்ப்பா" என்று வாய் கூசாமல் சொல்லியாயிற்று. குறிப்புத் தாளிலோ எல்லா நாளுக்கும் 'செய்தேன்' என்று குறி போட்டிருந்தாள். பெற்ற அப்பன் விஷயத்தில் செய்கிற வேலையா இது?

அந்தக் கட்டை அவள் அப்படியே விட்டுவிட்டாள். நாலு மணிக்குக் கொலீன் வந்து அதைப் பிரித்தாள். ஹெல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடேயப்பா, பிரமாதமா பண்ணியிருக்கீங்க ஹெல்வி" என்றாள் கொலீன். "அந்தக் கறுப்புத் தோல் எப்படி இளகியிருக்கு பாருங்க. களிம்பு புண்ணுக்குள்ள மட்டும் இருக்கு, காசு கனத்துக்கு. சுத்தியிருக்கிற நல்ல தோல்ல ஒரு பொட்டு படல."

"ம்."

"அயோடினை விட்டுட்டீங்கள்ல? அது பட்டா இந்தக் களிம்பு வேலையே செய்யாது. உப்புத் தண்ணி போதும். தினம் ஒரு தடவை, அவ்வளவுதான்."

வாடை போகட்டும் என்று டிசம்பர் முழுக்க அயோடினை ஊற்றியவள் ஹெல்விதான். அதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாம்னு டாக்டர் சொல்லிட்டு இருந்தாரு" என்றாள் கொலீன். "இதே மாதிரி போனா கால் தப்பிச்சிடும். உங்க கையாலதான் தப்பிச்சிருக்கு."

"பழகிடுச்சு" என்றாள் ஹெல்வி. சொன்ன மாத்திரத்தில் காது மடல் வரை எரிந்தது. நான் இல்லை என்று சொல்ல அப்போது ஒரு நொடி இருந்தது. அவள் சொல்லவில்லை. பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை கஞ்சி ஊட்டும்போது மெதுவாகக் கேட்டாள். "அப்பா, கட்டு மாத்த யாருப்பா வர்றாங்க?"

அவள் அப்பா ஆர்மாஸ் கிழவருக்குக் கண் பாதி மங்கல், நாக்கு மட்டும் மங்கவில்லை. "எனக்குத்தான் வயசாச்சுன்னு பாத்தா உனக்கும் ஆச்சா? நீதானே வர்ற."

"நானா?"

"மூணு அடிச்சதும் வர்ற. முன்ன மாதிரி மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இழுத்துப் பறிக்கிறதில்ல. பேசிக்கிட்டே பண்றே. உங்கம்மா பத்திக்கூடக் கேட்டியே."

"என்ன கேட்டேன்?"

"அட போடி" என்று சிரித்தார் அப்பா. எத்தனையோ மாதம் கழித்து அவர் சிரிப்பதைப் பார்க்கிறாள். அவளுக்குப் பயம் பாதி. மீதி, அந்தச் சிரிப்பு தனக்கானது இல்லை என்ற கேவலம்.

அன்றும் மறுநாளும் அவள் நிலவறைக்கே போனாள். தலைக்கு மேலே, சரியாக மூன்று மணிக்கு, தரைப்பலகை ஒரு முறை முனகியது. அப்புறம் குழாயில் யாரோ நெடுநேரம் கை கழுவும் சத்தம். அதற்குமேல் கேட்க அவளுக்குத் துணிவில்லை, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவளுக்கே தன்மேல் அருவருப்பாகிவிட்டது. யாராகவோ இருந்துவிட்டுப் போகட்டும், என் அப்பா, என் வேலை. மூன்று அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போதே கையைக் கழுவினாள், கையுறை மாட்டினாள். தட்டில் உப்புத் தண்ணீர்ப் புட்டி, சல்லாத் துணி, நாடா, பேனா எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். களிம்புக் குழலை மட்டும் காணவில்லை.

கூடத்தில் மணி அடித்தது.

அப்பாவின் அறைக்குள்ளிருந்து தண்ணீர் பீச்சும் சத்தம். நாடா கிழிபடும் சத்தம். அப்பாவின் குரல், நிதானமாக, ஏதோ கதை சொல்லிக்கொண்டு.

கதவு பாதி திறந்திருந்தது.

முதலில் முதுகு தெரிந்தது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. ஹெல்வி தன் உடம்பைக் குனிந்து பார்த்தாள். அதே சட்டை. அதே முழங்கைக் கிழிசல். அப்பாவின் கால் அந்த மடியில் இருந்தது. கையுறை போட்ட விரல்கள் அவசரமே இல்லாமல் வேலை செய்தன. மூக்கு சுளிக்கவில்லை. தலை திரும்பவில்லை.

அப்பா நிமிர்ந்தார். மங்கல் கண் வாசலைத் தேடியது. முகம் சுருங்கியது.

"ஹெல்வி, வாசல்ல யாரோ நிக்கிறாங்கம்மா."

"நர்ஸா இருக்கும்ப்பா." உள்ளே இருந்தவள் சொன்னாள், ஹெல்வியின் குரலேதான்.

"நர்ஸ் இல்ல. உனக்கு முன்னாடி வந்துக்கிட்டிருந்தாளே, அவ." கிழவர் கம்பளியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். "அவ வேண்டாம். உள்ள விடாத."

அப்பா, நான்தான். சொல்ல வாயைத் திறந்தாள். என்னத்தைக் காட்டி நான்தான் என்பது? குறி போட்ட தாளையா?

உள்ளே இருந்தவள் நாடாவில் தேதி எழுதினாள். பேனாவை மூடினாள். எழுந்தாள். வாசலுக்கு வந்தாள். ஹெல்வியின் முகம். கண்ணுக்குக் கீழே அதே கறுப்பு. ஆனால் ஹெல்விக்கு ஒருநாளும் வாய்க்காத பரிவு அந்த முகத்தில் இருந்தது. ஹெல்வியை மேலும் கீழும் பார்த்தாள். கோபமில்லை. இரக்கப்பட்டாள்.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

"போயிட்டாளா?" என்றார் அப்பா உள்ளே.

"போயிட்டாப்பா. இனிமே வரமாட்டா. காப்பி போடட்டுமா?"