டோனுக்கு நடுவே நான்கு வினாடி

காலை 10.20. ஒலிக்காப்பகத்தின் இரண்டாம் அறையில் திருட்டு வெளிப்பட்டது. போனது நான்கே நான்கு வினாடி.

சிரிக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அதுதான் எல்லாம். பாடகியான தாயை எட்டு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோதே பறிகொடுத்தவள். தாய் பாடிய பதினோரு பாட்டு இருக்கிறது. பேசியது எங்குமே இல்லை. இந்த டேப்பின் அட்டையில் மட்டும் ஒரு வரி: ‘டோன், நடுவே பேச்சு 4 வினாடி. பிறகு பாட்டு.’ அதற்காகத்தான் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். டேப் ஓடியது. ஊ என்று ஒரே சீராக ஒலிக்கும் டோன், பிறகு பாட்டு. பேச்சைக் காணோம்.

"இன்னொரு தடவை போடுங்களேன்" என்றாள். மூன்று தடவை போட்டாயிற்று.

மெஷினை இயக்கியவளுக்கு அங்கே ‘முள்’ என்று பெயர். ரெக்கார்டர்களை அளவுக்குக் கொண்டுவருவது அவள் வேலை. நாள் முழுக்க மீட்டர் முள்ளையே பார்ப்பாள். வாயைத் திறந்தால் குத்துவாள். இப்போது குத்தவில்லை. டேப்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். டோன் முடிந்து பாட்டு தொடங்கும் இடத்தில் ஓர் ஒட்டு, வெள்ளை வெளேரென்று. இத்தனை வருஷ ஒட்டு மஞ்சளாகியிருக்க வேண்டும்.

"பழைய டோனை வெட்டி எடுத்துட்டு, புதுசா ஒண்ணை ஒட்டியிருக்காங்க. பேச்சு டோன் மேலேயே பதிஞ்சிருக்கும். தனியா பிரிக்க முடியாது, அதான் சேர்த்தே போயிருக்கு."

"எங்க அம்மா பேச்சு யாருக்குங்க வேணும்? என்னைத் தவிர?"

முள் அந்தப் போலி டோனை வைத்தே மெஷினைச் சரிசெய்து, இரைச்சலைக் குறைக்கும் பெட்டியையும் போட்டு, பாட்டை ஓடவிட்டாள். துல்லியமாக இருந்தது, ஒரு குறை சொல்ல முடியாது. அவள் நெற்றி சுருங்கியது.

11.05. அந்த வெள்ளை ஒட்டுநாடாவின் புதுச்சுருள் காப்பகத்துக்கு வந்து ஒரு மாதம். இந்த ஒரு மாதத்தில் டேப்பைத் தொட்டவர்கள் மூன்று பேர் என்றது பதிவேடு.

முதலில் காப்பாளரிடம் கேட்டாள் முள்.

"டோன் எதுக்குன்னு தெரியுமா?"

"மெஷின் ஓடுதான்னு பாக்கத்தானே? அந்த ஊளையை யாரு கேட்டா? நான் தூசி தட்டினதோட சரி."

அடுத்து, பழைய பாட்டுகளைத் தேடித் திரியும் சேகரிப்பாளர்.

"ஒரிஜினலை விலைக்குக் கேட்டேன், தரலை. அதுக்காகத் திருடுவேனா? டோனெல்லாம் எனக்குக் குப்பை. எனக்கே சொந்தமா குடுத்திருந்தா முதல்ல அதைத்தான் வெட்டிப் போட்டிருப்பேன்."

கடைசியாக, அந்தப் பாட்டைப் பதிவுசெய்த ரெக்கார்டிஸ்ட். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மனசில்லாமல் வந்து அட்டை எழுதிக் கொடுப்பவர். கண்ணாடி மூக்கில் இருந்தது. அதன் கூடு சட்டைப்பையில் புடைத்துக்கொண்டிருந்தது.

"டோன் எதுக்கு சார்?"

"என்கிட்டயே பரீட்சையா? அதை வெச்சுத்தானே மீட்டர் முள்ளை நிறுத்தணும். அளவு தப்பினா இரைச்சல் பெட்டி பாட்டை அமுக்கி அமுக்கி விடும். பாடினவங்களுக்குப் பண்ற துரோகம்மா அது."

12.10. எல்லோரும் இரண்டாம் அறையில் கூடினார்கள்.

"வெட்டினவரே மருந்தும் போட்டிருக்கார்" என்றாள் முள். "பேச்சு மட்டும் போதும்னு நினைக்கிற ஆள், வெட்டிட்டுப் போயிருப்பார். இவர் புது டோன் பதிஞ்சு ஒட்டியிருக்கார். பாட்டு கெடக்கூடாதுன்னு கவலை. சரி, அளவு? அந்த ஸ்டுடியோ தனக்குன்னு ஒரு அளவு வெச்சிருந்தது. இப்போ ஸ்டுடியோவும் இல்ல, அளவு எழுதின தாளும் இல்ல. நான் பதிஞ்சிருந்தா தப்பாத்தான் பதிஞ்சிருப்பேன், பாட்டு மூச்சு வாங்கியிருக்கும். இந்த டோன் அச்சு அசலா சரியா இருக்கு. அதுதான் தப்பு. அன்னிக்கு மீட்டர் முள் எங்க நின்னதுன்னு தெரிஞ்சவர் ஒருத்தர்தான் உயிரோட இருக்கார்."

ரெக்கார்டிஸ்ட் மறுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கூட்டை எடுத்துத் திறந்தார். உள்ளே கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றிய சிறு டேப் சுருள்.

"கம்ப்யூட்டருக்கு மாத்தும்போது டோனை விட்டுடச் சொல்லி உத்தரவு வந்தது. பதறிப் போயிட்டேன்" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "அது பாதி நிஜம்தாம்மா. அவங்க எல்லாருக்கும் பாடினாங்க. என்னைப் பாத்துப் பேசினது இந்த ஒண்ணுதான். ஆசை யாரை விட்டுது. உனக்கும் இது வேணும்னு எனக்குத் தோணவே இல்ல. தப்புதான்."

மகள் சுருளை வாங்கினாள். கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தாள். சுருளை முள்ளிடம் நீட்டினாள். "போடுங்க" என்றாள்.

முள் டேப்பை மாட்டினாள். ரெக்கார்டிஸ்ட் எழுந்துவந்து இரைச்சல் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். "இதைப் பெட்டி இல்லாமத்தான் பதிஞ்சேன். போட்டா, மெல்லிசான குரல், அதையும் இரைச்சல்னு அமுக்கிடும்."

ஸ்ஸ் என்று இரைச்சல். டோன். அதன் மேல், பக்கத்தில் நின்று கேட்பதுபோல் ஒரு பெண் குரல்: "தூங்கிட்டாளா?"

சிறு இடைவெளி. பிறகு அந்தக் குரல் சிரித்தது. அவ்வளவுதான்.

மகள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. "என்னைப் பத்தித்தானே கேட்டாங்க?"

"உன்னைப் பத்தியேதான். உன் கூடை என் மெஷின் பக்கத்துல இருந்தது."

"எதுக்குச் சிரிச்சாங்க? நீங்க என்ன சொன்னீங்க?"

"அது டேப்புல வராதும்மா. அவங்க ஹெட்போன்ல மட்டும்தான் கேட்டிருக்கும்." அவள் பக்கம் குனிந்தார். "‘இல்லம்மா, முழிச்சுக்கிட்டு கண்ணாடிச் சுவர் வழியா உங்களையேதான் பாத்துட்டிருக்கா’ன்னு சொன்னேன்."