ஒரே மண்

விடிந்ததும் தவமணி மண்பெட்டியைத் திறந்தாள். தன் பங்குத் தண்ணீரில் பாதியை மண்ணில் ஊற்றி, உயிர்மானியின் முனையைச் செருகினாள். மண்ணில் உயிர் இருப்பதாகப் பச்சை விளக்கு எரிந்தது. அதன் பிறகே மீதியைக் குடித்தாள். லாரியில் இருந்த எல்லாக் குடும்பங்களும் காலையில் இதைத்தான் செய்தன.

கடல் உள்ளே வந்து டெல்டா உப்பாகிப்போன பிறகு, மேட்டு நிலங்களில் பாறைப்பொடி நிரப்பிப் பாத்திகள் கட்டியிருந்தார்கள். தானாக எதுவும் முளைக்காது. உயிருள்ள மண் கொண்டுவந்து கலக்கும் குடும்பத்துக்கு ஒரு பாத்தி. மண் செத்திருந்தால் திரும்பவும் முகாம்.

பக்கத்தில் சகாயமேரியின் உயிர்மானி சிவப்பாக எரிந்தது. அவள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணி ஊத்தலையா?"

"பாப்பாவுக்குக் காய்ச்சல்க்கா. மண்ணுக்கு வச்சதையும் அவளுக்கே குடுத்துட்டேன்."

தவமணி தன் பெட்டியிலிருந்து இரண்டு கை மண் அள்ளி, அவள் பெட்டியில் போட்டுப் பிசைந்தாள்.

"அப்படியே என்னையும் தூக்கிக் குடுத்துரு" என்றான் தவமணியின் கணவன் குமரவேல், கண்ணைத் திறக்காமல்.

"ஒங்கள வச்சு அவ என்ன பண்றது? வெளையவா போறீங்க?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே" என்றாள் சகாயமேரி.

மதியம் சோதனைச் சாவடி. இரண்டு பெட்டிகளிலும் பச்சை எரிந்தது. ஆனால் அதிகாரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது புது மெஷின். உயிர் இருக்கான்னு மட்டும் பாக்காது, நுண்ணுயிரோட வம்சத்தையும் படிக்கும். ரெண்டும் ஒரே மண்ணுன்னு காட்டுது." பெயர்களைப் படித்துவிட்டுத் தவமணியைப் பார்த்தாள். "தவமணி, சகாயமேரி. சொந்தமா? இல்ல, இவங்க ஒங்ககிட்டத் திருடினாங்களா? சொந்தம்னா சேத்து ஒரே பாத்திதான். திருட்டுன்னா இவங்க மட்டும் முகாமுக்கு."

ஒரு பாத்தி ஒரு குடும்பத்துக்கே இழுபறி. மண் கொடுக்க யோசிக்காத தவமணி இப்போது கணக்குப் போட்டாள். சகாயமேரி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"கொழுந்தியா" என்றான் குமரவேல் பின்னாலிருந்து. "பதிஞ்சு விடுங்க மேடம். நிக்க முடியல."

அதிகாரி மறுபடி பெயர்களைப் பார்த்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

மேட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிய குமரவேலிடம் சகாயமேரி மெதுவாக, "அண்ணே..." என்றாள்.

"மச்சான்னு கூப்பிடு. வழியெல்லாம் கேமரா."

அவள் குழந்தையைத் தவமணியிடம் கொடுத்தாள். "அப்ப அந்தப் பெட்டிய இங்க குடுங்க மச்சான்."

அவன் கொடுத்துவிட்டு வெறும் கையோடு நடந்தான். பாத்தி அவன் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது.