ஒன்பது பேர் பார்த்த ஆட்டம்

மல்லாங்கிணற்றில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி மூன்று. வெயில் இன்னும் தணியவில்லை. கருவேலங்காட்டை ஒட்டியிருந்த ஒற்றை வீட்டுக்குச் சத்யபிரியா நடந்தே போனாள். பழைய விளையாட்டு வீரர்களைப் பேட்டி எடுத்து யூடியூபில் போடுகிறவள் அவள். இன்றைக்குக் கபடி காளிராஜ். ஒரு காலத்தில் அவர் எதிரணிக் கோட்டுக்குள் கபடி பாடிப் போனால் பிடித்து நிறுத்த இந்த வட்டாரத்தில் ஆளில்லை என்பார்கள்.

கதவைத் திறந்த அவர் மனைவி முத்துத்தாய், உள்ளே விடுவதற்கு முன் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்ன வேணாலும் கேளு தாயி. கையை மட்டும் தட்டிராத."

ஏன் என்று கேட்பதற்குள் உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

காளிராஜ் பழைய ஆட்டப் பனியனைத் தேய்த்துப் போட்டிருந்தார். தலைக்கு அடித்த மை வியர்வையில் கரைந்து காதோரம் வழிந்தது.

"இதை எத்தனை பேரு பாப்பாக?"

"ஆயிரம் பேராச்சும் பாப்பாங்க சார்."

"ஆயிரந்தானா?" என்றார். முகம் வாடிவிட்டது.

ஒரு மணி நேரம் தன்னைப் பற்றியே பேசினார். கடைசியில் அந்தத் திருவிழா ஆட்டத்துக்கு வந்தார். கூட்டம் தாங்காமல் சவுக்குக்கட்டை கேலரி சரிந்து ஒன்பது பேர் செத்த ஆட்டம்.

"கேலரி ஆடுது, நிறுத்துன்னு கத்துனாக. நான் பாட்டுல இருந்தேன், எப்படி நிறுத்த? விழுறப்பவும் அவுக என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாக."

அதைச் சொல்லும்போது அவர் சிரித்ததைச் சத்யபிரியா பார்த்தாள்.

சட்டென்று முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூச்சைக் கட்டி, "கபடி, கபடி" என்று அறையின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பினார். மூச்சிரைக்க நின்று அவளையே பார்த்தார். பசித்தவன் சோற்றைப் பார்க்கிற பார்வை. பாவமாக இருந்தது. அவளையறியாமல் கை தட்டிவிட்டது.

அவள் நிறுத்திய பிறகும் தட்டல் நிற்கவில்லை.

அது அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

பின்னால் சுவர்தான் இருந்தது.

பீடி நாற்றமும், மிதிபட்ட மண்ணின் வாடையும், நெருக்கி உட்கார்ந்த உடம்புகளின் வெக்கையும் அறையை நிறைத்தன. எங்கோ கட்டை நெரிந்தது. அவள் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

காளிராஜ் கண்ணீரோடு சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். "ஒரு நாளும் வராம இருக்க மாட்டாக தாயி."

தட்டல் நின்றது.

அவர் முகம் மெல்ல மாறியது.

"ஏன் அவளைப் பாக்குறீக?" என்று முணுமுணுத்தார். "இங்க பாருங்க. என்னையப் பாருங்க."

சத்யபிரியா பேட்டியைப் பதிவு செய்துகொண்டிருந்த போனைப் பறித்துக்கொண்டு ஓடினாள். வாசலில் முத்துத்தாய் ஒதுங்கி வழிவிட்டாள். அவள் போன பிறகும் அந்த அம்மாள் சுவரோடு ஒட்டியபடியே நின்றாள், இன்னும் சிலர் கடந்து போக வேண்டும் என்பதுபோல.

அருப்புக்கோட்டையில் தன் வீட்டுக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. போன் அடித்தது. காளிராஜ். குரல் உடைந்திருந்தது.

"மூணு தடவ ஆடிப் பாத்துட்டேன் தாயி. ஒரு சத்தமும் இல்ல. அவுகளை அனுப்பிவிடு. நான் வேற யாருக்கு ஆடுவேன்?"

போனை வைத்துவிட்டு, விளக்கைப் போட எழுந்து நின்றாள்.

ஆட்டக்காரர் களத்தில் இறங்கும்போது கூட்டம் அடங்குமே, அதுபோல அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு சலசலப்பு அடங்கியது.