வழியனுப்பு மடலில் வந்த வரி

"முந்நூறு பேர் என்னைக் காறித் துப்புறாங்க சார். நான் அத எழுதல." மருத்துவமனைக்கு மின்மடல் வடிவமைக்கும் அந்த மனிதர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்தவர் ஓய்வுபெற்ற தபால் ஆய்வாளர். ஊரே 'முத்திரை' என்றுதான் கூப்பிடும்.

ஓய்வுபெறும் மூத்த செவிலிக்கு எல்லா ஊழியர்களின் சார்பிலும் ஒரு வழியனுப்பு மடல் போயிருந்தது. அதன் அடியில் ஒரு வரி: "இந்தக் கிழவி போனால்தான் வார்டுக்கு விடிவு."

"வேற யாரு எழுதியிருப்பா அத்தான்? கம்ப்யூட்டரே இவர் கையிலதான்" என்று முத்திரையின் மைத்துனர் முந்திக்கொண்டார். வடிவமைப்பாளர் தலை இன்னும் தாழ்ந்தது.

"பொறு மாப்ள. மடல் எப்படித் தெரிஞ்சுது?"

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வரைவத் திறந்தா அந்த வரியே இல்ல சார். செவிலி அம்மாவோட போட்டோவும் நல்லா தெரியுது. வந்த மடல்ல வரி இருக்கு, போட்டோவுக்குப் பதிலா காலிக் கட்டம்."

மறுநாள் காலை மருத்துவமனையில், மடலுக்கு வாசகம் எழுதித் தந்த வார்டு மேற்பார்வையாளர் அம்மாளைச் சந்தித்தார்கள்.

"அனுப்பினதும் அவர்தான், அந்தக் குறிப்ப எழுதினதும் அவர்தான். நான் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன்" என்றார் அவர் படபடவென்று.

முத்திரை குரலை உயர்த்தவில்லை. "போட்டோ காணாமப் போனதும் வரி வெளியே வந்ததும் ஒரே தப்புதாம்மா, இவர் எனக்கு எல்லாத்தையும் காட்டினாரு. படம் இருக்கற இடத்தோட முகவரி இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள மட்டும்தான் செல்லுபடியாகும். எழுத்து எப்படித் தெரியணும், எது மறையணும்னு சொல்ற ஸ்டைல் ஃபைலும் இங்கயே தங்கிடுச்சு. அனுப்பறதுக்கு முன்னாடி படங்களுக்கு முழு முகவரி போட்டு, ஸ்டைல ஒவ்வொரு வரிக்குள்ளயும் எழுதறது இவரோட தினசரி வேலை. ஒரு நாளும் விட்டதில்ல. அப்போ அன்னிக்கு அனுப்பினது வேற ஒருத்தர்."

"அது நானாத்தான் இருக்கணுமா?"

"வரைவுல அடியில ஒரு பெட்டி இருக்கு. எழுதறவங்க எழுதறப்ப மட்டும் பார்க்கறதுக்கு. ஸ்டைல்தான் மத்தவங்க கண்ணுலருந்து அத மறைக்குது. அதோட பேரு 'குறிப்பு'. மடல்ல அந்தப் பேரே வரல. வாசிச்சவங்க எல்லாரும் 'வரி'ன்னுதான் சொன்னாங்க. நீங்க மட்டும்தான் 'குறிப்பு'ன்னீங்க."

மைத்துனர் வடிவமைப்பாளரைப் பார்க்க முடியாமல் தன் செருப்பைப் பார்த்தார்.

"ஊசி மாத்திப் போட்டுட்டேன்னு அந்தம்மா எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டினாங்க" என்றார் மேற்பார்வையாளர். "அந்தக் கோபத்துல அடிச்சேன். அழிச்சிடலாம்னு நெனச்சேன். திரையில காணோம், அதனால மறந்தே போச்சு. இவர் சாப்பிடப் போனப்ப நானே அனுப்பிட்டேன். அப்புறம் எல்லாரும் இவரக் கை காட்டினாங்க. நான் வாயத் திறக்கல." அவர் வடிவமைப்பாளரிடம் திரும்பினார். "மன்னிச்சிடுங்கன்னு சொல்லக்கூட வாய் கூசுது."

"என்கிட்ட அப்புறம் சொல்லுங்க. முதல்ல அங்க" என்று வடிவமைப்பாளர் பக்கத்து அறையைக் காட்டினார்.

மூத்த செவிலி தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். மேற்பார்வையாளர் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். செவிலி மடித்த சீருடையைக் கீழே வைத்தார்.

"மூணு நாளா வர்ற போற முகத்தையெல்லாம் பார்த்து, இவளா இருக்குமோ, இவனா இருக்குமோன்னு நெனச்சேன்" என்றார். "உன் முகத்த மட்டும்தான் அப்படிப் பார்க்கல."